வேதனை என்று எதைச் சொன்னாள்

மட்டாஞ்சேரியில், சுக்கு மூட்டை நெடி மூக்கைத் துளைக்கும் ஒரு சந்துக்குள் டாக்டர் தரியனின் கிளினிக் இருந்தது. அங்கே சீட்டு எழுதுகிறவள் காளியம்மை. அவள் அப்பா கார்ப்பரேஷன் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்; இவள் பிறந்ததே இங்கேதான். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

வருகிறவர்களிடம் பேர், வயது, உடம்புக்கு என்ன என்று கேட்டு, சீட்டில் மலையாளத்தில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். எழுபத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு குஜராத்திப் பெண் கைக்குழந்தையோடு வந்து, "ஷர்தி" என்றாள். மலையாளத்தில் சர்தி என்றால் வாந்தி. காளியம்மை அப்படியே எழுதிவிட்டாள். வாந்திக்கு மருந்து எழுதப் பேனாவைத் திறந்த டாக்டர், குழந்தையின் மூக்கு ஒழுகுவதைப் பார்த்துக் கையை நிறுத்தினார். அவர்கள் பாஷையில் ஷர்தி என்றால் ஜலதோஷமாம்.

வேறொருத்தியாக இருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு மறந்திருப்பாள். காளியம்மையால் முடியவில்லை. ஒரே சத்தம், இவர்களுக்கு வாயிலிருந்து வருகிறது, அவர்களுக்கு மூக்கிலிருந்து வருகிறது! அன்று பிடித்தது ஆர்வம். மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பனி என்று பேர். தமிழிலோ பனி என்றால் சில்லென்று இருக்கும். கொதிக்கிற உடம்புக்கு எவன் அந்தப் பேரை வைத்தான்? டாக்டரிடமே கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கு மருந்துதான் தெரியும் காளியம்மே, பேர் வைத்தவனைத் தெரியாது" என்று சிரித்தார் அவர்.

இப்படி இருக்கும்போதுதான் சீனியம்மாள் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். கொச்சிக்கு வந்து ஆறு மாதம், ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். தலை சுற்றுகிறது, சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை என்றாள். காளியம்மை எழுதி உள்ளே அனுப்பிவிட்டு, கதவோரம் நின்றாள்.

டாக்டர் மலையாளத்தில் கேட்டார். "வேதன உண்டோ?"

சீனியம்மாளின் கண் நிறைந்துவிட்டது. "உண்டு சார். அதில்லாம ஒரு நாளு உண்டா?"

"எவிடெயா?"

அவள் கையை நெஞ்சில் வைத்தாள். "இங்கதான். கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

டாக்டரின் முகம் மாறியது. நாடி பிடித்தார், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து, எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். உடனே படகேறிப் போய் இருதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

காளியம்மைக்கு என்னவோ உறுத்தியது. மலையாளத்தில் வேதனை என்றால் உடம்பு வலி. இந்த அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தானே ஆகிறது?

"ஒரு நிமிஷம் டாக்டரே" என்று உள்ளே வந்தாள். "யக்கா, நெஞ்சு வலிக்குதா?"

"வலியா? வலியெல்லாம் இல்ல தாயி."

"வேதனைன்னீங்களே?"

"வேதனை இல்லாம? எம் மகளுக்கு மாசம் நெருங்கிட்டு. போன மாசத்துல இருந்து ஒரு காயிதம் இல்ல. இருக்காளோ என்னவோன்னு நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது."

காளியம்மை மொழிபெயர்த்துச் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அந்த அம்மாவையே பார்த்தார். அதற்காக அவர் சோதனையை விட்டுவிடவில்லை. இம்முறை காளியம்மை வழியாகவே ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார். இருதயத்தில் கோளாறு தெரியவில்லை, ரத்தம்தான் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை போதும் என்றார்.

வெளியே வந்ததும் காளியம்மை கேட்டாள்: "மகளுக்கு எந்த விலாசம் குடுத்தீங்க?"

"மொத வேலை பார்த்த ஓட்டல் விலாசம்தான், அங்க ஒருத்தன் எழுதிக் குடுத்தான். போன மாசம்தான் இப்ப இருக்கிற ஓட்டலுக்கு மாறுனேன்."

அந்த ஓட்டல் இரண்டு தெரு தள்ளித்தான்; இருவரும் போய்ப் பார்த்தார்கள். கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்தின் சட்டத்தில் இரண்டு கடிதங்கள் செருகியிருந்தன. சீனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, காளியம்மைக்கோ தமிழ் எழுத்து தெரியாது. கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிச்சைமணி என்ற பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் படித்தார். பெண் குழந்தை, பிறந்து பதினெட்டு நாள், தாய்க்கும் பிள்ளைக்கும் குறைவொன்றுமில்லை. சீனியம்மாள் சாப்பாட்டு மேஜையிலேயே தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் துக்கச் செய்தி என்று நினைத்து எழுந்துவிட்டார்கள்.

காளியம்மைக்கு அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. கிளினிக்குக்கு மூட்டுவலிக்காக வரும் ஸ்வர்ணலதா டீச்சர், திருப்பூணித்துறைப் பள்ளியில் சம்ஸ்கிருதம் நடத்துகிறவர். அடுத்த வாரம் வந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரே, வேதனைங்கிறது உடம்புக்கா, மனசுக்கா?"

டீச்சர் விளக்கினார். "ரெண்டுக்கும் முன்னாடி அதுக்கு வேற அர்த்தம் காளியம்மே. அறியறது, உணர்றதுன்னு. வேதம்ங்கிற சொல்லும் அதே வேர்தான். சுகத்தை உணர்ந்தாலும் பழைய நூல்ல வேதனைதான். போகப்போக நோகிறது மட்டும் அதுல தங்கிப்போச்சு. மலையாளத்துல அது உடம்பைப் பிடிச்சுக்கிட்டுது, தமிழ்ல மனசை."

காளியம்மை இதை டாக்டரிடம் சொன்னாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டே, "அப்படியானால் தமிழ்க்காரர்களிடம் நான் என்னவென்று கேட்பது?" என்றார்.

"நோவுன்னு கேளுங்க. மலையாளத்திலும் நோவு, தமிழிலும் நோவு. ரெண்டு பேருக்கும் புரியும்."

அவர் அப்படியே கேட்கத் தொடங்கினார். ஆனால் காளியம்மை டீச்சரை விடவில்லை. மறுமுறை அவர் வந்ததும், "நோவு எங்கேயிருந்து வந்துது டீச்சரே?" என்றாள்.

"அது சம்ஸ்கிருதம் இல்லையே. நம்ம ரெண்டு பாஷைக்கும் சொந்தச் சொல். எனக்கெப்படித் தெரியும்?"

காளியம்மை சீட்டுக் கட்டை அடுக்கியபடியே தனக்குள் உருட்டிப் பார்த்தாள். நோவு. நோய். நோகிறதுதான் நோயோ? பட்டினி கிடந்து நோகிறதால்தான் நோன்போ? யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே, "அடுத்த ஆள் வரலாம்" என்று குரல் கொடுத்தாள்.