சங்கராவின் கண்

மீன் விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுக்காரரிடம்கூட வராது. அதுதான் அன்றைக்கு வினையாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஹென்றிக்குத் துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களை அசையாமல் கட்டும் வேலை. படம் வரைவதில் அப்படியொரு பைத்தியம். எழும்பூர்ப் பக்கம் ஓர் ஓவியப் பள்ளியில் மாலை வகுப்பு உண்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். நாற்பது வயதானால் கிடையாது. இரண்டு முறை விண்ணப்பித்தார், இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். அடுத்த மாதம் அவருக்கு நாற்பது. பொருள்களை எதிரே வைத்துப் பார்த்து வரைந்த பென்சில் படம் ஒன்றைத் திங்கட்கிழமை நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

சனிக்கிழமை நான் விற்கும் மீன் கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்துக்கொண்டார். பித்தளைச் சொம்பு, பாதி எலுமிச்சை, மீன். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால்தான் நிழல் ஒழுங்காக விழுமென்று ஒரு ஜன்னலை மூடினார். பிறகு பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"இன்னாய்யா, சொம்ப சுடப்போறியா?"

"சொம்பு எத்தினி ஒசரம், மீனு எத்தினி நீளம்னு அளவு பாக்குறேன்."

நானூறு வருடத்துக்கு முன்னால் ஹாலந்தில் இப்படித்தான் மீனையும் எலுமிச்சையையும் வைத்து வரைந்தார்களாம். சாமியையும் ராஜாவையும் வரைகிறவர்கள் அதை மட்டமாக நினைத்தார்களாம். வியாபாரிகள்தான் வாங்கி வீட்டில் மாட்டினார்களாம்.

"அங்கயும் ஹார்பர் கீதா?" என்று கேட்டேன்.

"கீது."

அப்படியானால் மீன் அருமை தெரிந்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு மீனை ஐஸில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீதியை வரைந்தார். கறுப்புப் பென்சிலால் நிழலை அழுத்தி, ரப்பரால் சொம்பின் பளபளப்பை எடுத்தார். சாயந்தரம் என்னிடம் காட்டினார். சொம்பைக் கையில் எடுத்துவிடலாம் போலிருந்தது. எலுமிச்சையைப் பார்த்ததும் வாயில் நீர் ஊறியது. அடுத்து மீனின் கண்ணைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஒடம்பு இன்னிக்குப் புடிச்ச மீனு. கண்ணு ரெண்டு நாள் மீனு. இன்னாய்யா இது?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "நீ கூடையில மீனப் பாரு. படத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

சுருக்கென்றது. பதினைந்து வருடமாக மீன் கண்ணைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் உலை வைக்கிறேன். "உன் சொம்ப நான் ஏதாவது சொன்னேனா? மீனத்தான சொன்னேன்."

அவர் சாப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து ஐஸிலிருந்து மீனை எடுத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தார். உடம்பைச் சனிக்கிழமை முடித்திருக்கிறார். கண் கஷ்டமென்று கடைசிக்கு ஒதுக்கியிருக்கிறார். அதற்குள் அது வெளுத்து உள்ளே போய்விட்டது.

"பாத்தத்தான வரைஞ்சேன்," என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு என்னோடு காசிமேட்டு மீன் சந்தைக்கே வந்துவிட்டார். ஏலத்தில் எடுத்ததில் நல்ல சங்கராவாகப் பார்த்து என் பலகையில் வைத்தேன். பக்கத்தில் சொம்பும் எலுமிச்சையும். சனம் இடிக்க இடிக்க, முதலில் கண்ணை வரைந்தார்.

கண் முடிந்து உடம்புக்குப் போகும்போது ஆவுடையம்மாள் அக்கா வந்தார். பத்து வருட வாடிக்கை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் சம்பந்தி வீட்டார் விருந்து. நேராக அந்த மீனிடம் கையை நீட்டினார்.

"அது விக்கிறதுக்கு இல்லக்கா."

இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. வேறு எட்டு மீன் காட்டினேன். அவருக்கு அதுதான் வேண்டும்.

"நீ யாவாரம் பண்ண வந்தியா, வேடிக்கை காட்ட வந்தியா?" என்று கேட்டுவிட்டு எதிரே அனிஷா கடைக்குப் போய்விட்டார்.

ஹென்றியின் பென்சில் நின்றது. "குடுத்திருக்கலாமே."

"வால முடிச்சியா?"

"இல்ல."

"அப்ப மூடிக்கினு வரை."

மூன்று மணிக்குப் படத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வாசலிலிருந்து போன் செய்தார். "பன்னெண்டாவது பேரு என்னுது," என்றார். நான் மீன் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆவுடையம்மாள் அக்கா இன்றுவரை என்னிடம் வாங்குவதில்லை. எதிர்க்கடையில் நின்று எனக்குக் கேட்கும்படி விலை பேசுகிறார். பேசிவிட்டுப் போகட்டும்.