அஃப்ஸலின் சீட் நம்பர்

துபாயிலிருந்து திருவனந்தபுரம் இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். விமானத்தில் நாலு மணி நேரம். அங்கிருந்து எங்கள் காயல்பட்டினத்துக்குக் காரில் இன்னொரு நாலு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினெட்டு வருஷமாக இங்கே டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். செந்தூர்வேல் சொன்ன நேரம் தப்பாது என்று ஊரே சொல்லும். அந்தப் பெயர்தான் அன்று என்னை மாட்டிவிட்டது.

மத்தியானம் முத்துவாப்பா கடைக்கு வந்து உட்காராமல் நின்றார். அவர் தங்கச்சி அஸ்மாவின் மகன் அஃப்ஸல், துபாய் ரூமில் தூங்கினவன் எழுந்திருக்கவில்லையாம். முப்பத்தொரு வயது. நாளைக் காலை விமானத்தில் பெட்டி வருகிறது.

“அவளுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம்தான் ஆவுது. மக யுஸ்ரா சென்னையில இருந்து வார வரைக்கும் சொல்லக்கூடாது. பையன் மேலுக்குச் சரியில்லாம லீவுல வாரான்னு நீங்க போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி. நாங்க பேசுனா கண்டுபிடிச்சிருவா. டிக்கெட் போட்ட ஆளு சொன்னா நம்புவா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொய் சொல்லதுக்கு நாந்தான் கெடச்சேனாக்கும்?”

அவர் கண்ணைத் துடைத்தார். என்ன செய்ய? கடையைப் பூட்டினேன்.

அந்த வீட்டில் வெளி ஆண்களிடம் பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசுவார்கள். முகம் பார்க்க வேண்டாமே என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. அஸ்மா ‘காக்கா’ என்று கூப்பிடும் அண்ணன் முத்துவாப்பா வாசலோடு நின்றுகொண்டார்.

விஷயத்தைச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது. மகன் வரும்போதெல்லாம் அஸ்மா விவரம் எழுதி வைப்பாள். அவன் பறக்கிற நாலு மணி நேரமும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓதுவாள்.

“போனை எடுக்க மாட்டுக்கானே அண்ணாச்சி?”

“சார்ஜ் இருந்திருக்காது.”

“பிளைட்டு எத்தன மணிக்கு?”

சொன்னேன். பேனா ஓடியது.

“எறங்குறது?”

அதையும் சொன்னேன்.

“சீட் நம்பரு?”

ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பதுதான். இதை எப்படி மறந்தோம்? என்னைத் தேர்ந்தெடுத்த முத்துவாப்பாவும் மறந்தார், நானும் மறந்தேன். பதினெட்டு ஏ என்றோ இருபது எஃப் என்றோ வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய். அன்றைக்கு ஒரு நம்பரும் வரவில்லை. பெட்டிக்கு ஏது நம்பர்?

திரை லேசாக அசைந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. பேனாவை மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா, அது வந்து…” என்றேன்.

“காக்கா வாசல்லதான நிக்காங்க. உள்ள வரச் சொல்லுங்க.”

குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் எழுந்தேன்.

“அண்ணாச்சி, அந்த நாலு மணி நேரமும் எம்புள்ள பிளைட்டுக்குக் கீழ சாமான்களோட தனியாவா வருவான்?”