செவ்வாய் பத்து மணிக்கு வர வேண்டாம்

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஓர் அரசு அறிக்கையின் வரைவு. கனடாவின் கிழக்குக் கரையில் எங்கள் மாகாணத்து மருத்துவத்தை எப்படிச் சீர்திருத்துவது என்று நூற்றுப்பத்துப் பக்கம். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: "குடும்ப மருத்துவர்களின் கருத்தும் பெறப்பட்டது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கருத்து பெறப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக இருபத்து மூன்று பேருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னவள் நான்.

2

முதல் தொடக்கம்: "டாக்டர் லோர்னா மேஸரோல் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தபடி"

வேண்டாம். பத்தொன்பது வருஷமாக அவருடைய கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஜன்னலைப் பார்த்து நான் கண்டதில்லை. ஆயிரத்து எண்ணூறு பேருக்கு அவர் ஒருவர்தான் டாக்டர்.

இரண்டாம் தொடக்கம்: சீர்திருத்தக் குழுவிலிருந்து போன் வந்தது. ஒரு குடும்ப மருத்துவர்கூட இல்லாமல் எட்டு மாதம் கூடிப் பேசியவர்களுக்கு ஒன்பதாம் மாதம் ஞாபகம் வந்திருக்கிறது. செவ்வாய் காலை பத்து மணிக்குத் தலைநகருக்கு வர வேண்டுமாம். இரண்டரை மணி நேரப் பயணம். சனிக்கிழமை வைக்கக் கூடாதா என்று கேட்டேன். சனிக்கிழமை அவர்களுக்கு விடுமுறையாம். [இங்கே நான்கு வசைச்சொற்கள் எழுதி, அடித்துவிட்டேன்.]

போக மாட்டேன் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். மறுநாள் மனம் மாறிவிட்டது.

"நாம போகலேன்னா, நோயாளி மூஞ்சியையே பாக்காதவங்க நமக்கு விதி எழுதுவாங்க."

3

எல்வுட் ஸ்டீவ்ஸ். எழுபத்தோரு வயது, சிங்கி இறால் பிடித்தவர், சர்க்கரை நோயாளி. கால் விரலில் ஒரு புண் என்று ஏழு வாரம் காத்திருந்து, அந்தச் செவ்வாய்க்கு நேரம் வாங்கியிருந்தார்.

[அடுத்து இவர் சொல்வதைப் படித்து, இவ்வளவு நல்ல மனிதர் உண்டென்று வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். நம்பாதவர் இங்கே வந்து ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும்.]

புண் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டேன்.

"பரவாயில்ல கண்ணு. டாக்டரம்மா போயி நம்ம கதைய அங்க சொல்லட்டும். நெசமா முடியாதவங்க வேற யாராச்சும் இருப்பாங்க, அவங்களப் பாரு."

இந்தக் கரையில் பரவாயில்லை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று விலா முறிந்து வந்து உட்காருகிறவனும் அதைத்தான் சொல்வான். தெரிந்தும், அவர் பெயருக்கு நேரே "அவசரமில்லை" என்று குறித்தேன். இன்னும் பத்தொன்பது பேரைக் கூப்பிட வேண்டியிருந்

[இந்த வாக்கியம் எனக்குச் சமாதானம் சொல்லப் பார்க்கிறது. நிறுத்திவிட்டேன்.]

4

தலைநகரில் டாக்டருக்கு நான்கு நிமிடம் கொடுத்தார்கள். கிளினிக்குக்கு ஒரு நர்ஸ் கொடுங்கள், புண்ணையும் ரத்த அழுத்தத்தையும் அவர் பார்த்துக்கொள்வார், எங்கள் நாளில் பாதியைத் தின்னும் படிவங்களைக் குறையுங்கள் என்று கேட்டிருக்கிறார். மிக அருமையான கருத்து என்றாராம் குழுத் தலைவர். அதை வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்பச் சொன்னாராம்.

5

எல்வுட்டுக்கு அடுத்த நேரம் கிடைத்தது நான்கு வாரம் கழித்து. அதற்குள் விரல் கறுத்துவிட்டது.

முடிவு அ: முழுக் காலும் போகிறது. வாசகர் குழுவைத் திட்டுவார், டாக்டரையும் சேர்த்துத் திட்டுவார். அவரைத் திட்ட நான் விடமாட்டேன்.

முடிவு ஆ: புண் ஆறுகிறது, அரசு திருந்துகிறது. எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

நடந்தது இது: இரண்டு விரல்களை எடுத்தார்கள். வாராவாரம் டாக்டர் பார்த்தால்தான் மீதிக் கால் தேறும். எல்வுட் என்மேல் கோபப்படவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

6

இன்று காலை குழுவிலிருந்து மறுபடி போன். நர்ஸ் யோசனை பிடித்திருக்கிறதாம். டாக்டர் நேரில் வந்து விளக்கினால் இறுதி அறிக்கையில் சேர்ப்பார்கள், வராவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். வருகிற செவ்வாய், பத்து மணி.

[செவ்வாய் வர வேண்டிய எல்வுட்டைத் திங்கட்கிழமை பார்க்கலாமே என்பீர்கள். திங்களுக்கு முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். யாரை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்.]

டாக்டர் என்னிடம் அன்றைய நோயாளிகளின் பட்டியலைக் கொடுத்தார். "ஒவ்வொருத்தரையா கேளுங்க. காத்திருக்க முடியாதவங்க ஒருத்தர் இருந்தாலும் நான் போகல."

அன்று பத்து மணிக்கு எல்வுட்தான். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆயிரத்து எண்ணூறு பேருக்கான நர்ஸைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். பிறகு கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் என்ன சொன்னா உனக்கு வசதிப்படும் கண்ணு?"

இணைப்பில்தான் இருக்கிறார். வாசகரே, இந்தாருங்கள் போன், நீங்கள் பேசுங்கள்.