அறுபத்தெட்டாவது விசை

எங்கள் சி பிளாக்கில் குடியிருப்பவர்கள் எல்லோருடைய தூக்கமும் ஒரே விசைப்பலகையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு விசை. வாசலில் மேசை போட்டு அதைப் பார்த்துக்கொள்பவன் நான். தூக்கம் வேண்டியவர் கீழே வந்து சொல்வார். நோட்டில் குறித்துக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கும்வரை எண்ணிவிட்டு விசையை அழுத்துவேன். தரைத்தளத்துக்கு இருபது. முதல் மாடிக்கு நாற்பது. இரண்டாவது மாடிக்கு எழுபது, மூன்றாவதற்கு நூற்றுப்பத்து. முதல் மாடி சொர்ணத்தாய்க்கு மட்டும் முழங்கால் வலி என்பதால் ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூடப் படிக்கட்டில் தூங்கி விழுந்ததில்லை.

நானும் சேர்த்து மொத்தம் அறுபத்தேழு பேர். என்னுடையது அறுபத்தேழாவது விசை. மற்ற எல்லோருக்கும் அழுத்திய பிறகு அதை அழுத்திக்கொண்டு நாற்காலியிலேயே தூங்குவேன்.

போன மாதம் பலகைக்குள் இருக்கும் பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அதில் அறுபத்தெட்டு வரிகள் இருந்தன. நோட்டில் அறுபத்தேழு. இரண்டு நாள் யோசித்தும் கணக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் நாள் கடைசி வரியை அழித்துவிட்டுப் பட்டியலை மறுபடி பலகைக்குள் ஏற்றினேன். பாதி ஏறும்போது பலகையின் விளக்கு அணைந்தது. அதன்பின் எந்த விசையை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒரு பலகையே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

பலகையைத் துண்டில் சுற்றி, பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் ஷமீமாவிடம் கொண்டுபோனேன். போர்டு செத்துவிட்டது, கேபிள் வழியாக இனி அதனுடன் பேச முடியாது, சிப்போடு நேராகப் பேச புரோகிராமர் என்ற ஒரு சின்னப் பெட்டி வேண்டும், அது மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார். வருவதற்குப் பதினோரு நாள் ஆனது.

அந்தப் பதினோரு நாளும் சி பிளாக்கில் யாரும் தூங்கவில்லை. துவைத்த துணியையே துவைத்தார்கள். இரண்டாவது மாடித் தையல்காரர் சிவனுபாண்டி தன் சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் அது கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. "ஒத்த விசைக்குக் கணக்குப் பாத்து ஊரையே முழிக்க வச்சிட்டீரே, கணக்கப்பிள்ளை" என்று என்னைக் கடக்கும்போதெல்லாம் சொல்வார். நான் நோட்டைப் பார்த்துக்கொள்வேன்.

பதினோராம் நாள் சொர்ணத்தாய் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் தங்கச்சாமி இறந்து ஆறு வருடமாகிறது. தினமும் தூக்கத்தில் வந்து ஒரு பஸ் நிறுத்தத்தில் நிற்பார். கடைசியாகத் தூங்கிய அன்று, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன், நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு விழித்துக்கொண்டாராம் சொர்ணத்தாய்.

"அங்க பன்னெண்டு நாளைக்கு ஒரு பஸ்ஸுதான் அண்ணாச்சி. நாளைக்கு நாலு மணிக்கு வருது. நான் போகலேன்னா ஏறிப் போயிருவாக. அப்புறம் எந்த ஊர்ல போய்த் தேட?"

மறுநாள் மதியம் பெட்டி வந்துவிட்டதாக ஷமீமா சொல்லியனுப்பினார். சொர்ணத்தாயும் கூட வந்தார். கடையில் ஒரே ஒரு முக்காலி. அதில் அவரை உட்காரவைத்தோம்.

பெட்டியிலிருந்து ஆறு ஒயர்கள் வந்தன. பலகையில் ஆறு துளைகள். சிப் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் மேற்கொண்டு பேசலாம் என்றார் ஷமீமா. கேட்டார். எல்லாம் பூஜ்யமாகப் பதில் வந்தது. மறுபடி கேட்டார். மறுபடி பூஜ்யம். மணி இரண்டே கால். சொர்ணத்தாய் கடைக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒயர்களை எண்ணினேன். ஆறில் ஐந்துதான் துளையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஆறாவதை விரலால் அழுத்திப் பிடித்தேன். சிப் தன் பெயரைச் சொன்னது.

"என்னத்தப் பண்ணி இதக் கொன்னீக?" என்று கேட்டார் ஷமீமா. சொன்னேன்.

"கணக்குப் பாத்தே கொன்னிருக்கீக அண்ணாச்சி. இதுக்குள்ள ஒவ்வொரு வரியும் அடுத்த வரியத் தாங்கிட்டு நிக்குது. ஒண்ண உருவினா எல்லாம் சரியும்." நான் கொண்டுவந்திருந்த பழைய பட்டியலைத் திறந்து, பென்சிலால் திரையில் தட்டினார். "அறுபத்தெட்டு யாரு?"

"அவுகளோடது" என்றார் சொர்ணத்தாய்.

ஆறு வருடத்துக்கு முன் நோட்டில் தங்கச்சாமியின் பெயரை அடித்தது நான்தான். ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. பலகைக்குள் அடிக்கவில்லை.

ஷமீமா அறுபத்தெட்டு வரிகளையும் எழுதினார். எழுதியது சரியா என்று அந்தப் பெட்டி ஒருமுறை திரும்பப் படித்துப் பார்த்தது. அதுவரை நான் ஒயரிலிருந்து விரலை எடுக்கவில்லை. விளக்கு எரிந்தது.

நாங்கள் திரும்பும்போது மணி இரண்டே முக்கால். எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே சொர்ணத்தாய்க்கு வழிவிட்டார்கள். அவர் மாடி ஏறினார். ஐம்பத்தைந்து எண்ணி அழுத்தினேன். பிறகு மற்றவர்கள். சிவனுபாண்டி கைக்குட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாகப் போனார். அவருக்கு எழுபது எண்ணி முடித்தபோது நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. என் விசைமேல் விரலை வைத்தேன்.

அப்போது சொர்ணத்தாய் தூக்கம் கலைந்து இறங்கி வந்தார். கையில் ஒரு குடை.

"ஆளக் காணும் அண்ணாச்சி. அவுக குடை மட்டும் பஸ் நிறுத்தத்துக் கம்பியில மாட்டியிருந்துச்சு."

முக்காலியில் உட்கார்ந்திருந்ததைப் போலவே என் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். நான் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு வெளியே ஹாரன் கேட்டது. கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு பஸ் நின்றது. தங்கச்சாமி இறங்கினார். நேராக மனைவியிடம் வந்தார்.

"அடுப்ப அணைக்க இம்புட்டு நேரமா?"

"போர்டு செத்துப்போச்சு" என்றார் சொர்ணத்தாய்.

தங்கச்சாமி தலையசைத்தார். பன்னிரண்டு நாளாக நின்றுகொண்டே இருப்பதாகவும், கொஞ்சம் படுத்தால் தேவலை என்றும் என்னிடம் சொன்னார். நோட்டில் அறுபத்தேழுக்குக் கீழே அவர் பெயரை மறுபடி எழுதினேன். இருவரும் மாடி ஏறினார்கள். ஐம்பத்தைந்து எண்ணி இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். நோட்டும் பலகையும் ஒத்துவந்தன.

பிறகு டிரைவர் வந்து மேசைமுன் நின்றார். அவரும் பன்னிரண்டு நாளாகத் தூங்கவில்லை. பெயர் கேட்டேன். வாசகம் என்றார். பலகையில் வேறு விசை இல்லை. அறுபத்தேழுக்கு நேரே இருந்த என் பெயரை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். என் நாற்காலியில் உட்காரச் சொல்லி அழுத்தினேன்.

பஸ்ஸில் பதினான்கு பேர் இருந்தார்கள். இரண்டு முறை எண்ணினேன். ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. எப்போது கிளம்பும் என்று முன்சீட்டில் இருந்தவர் கேட்டார்.

பஸ் நிற்பது தரைத்தளத்தில்தானே, இருபது எண்ணினால் போதும் என்று சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினேன்.