ஷார்ட்ஸ்டாப்பைப் பிடித்துக்கொண்டு போன வாரம்

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு மார்லீன் டுடாஷ் செல்பேசியை எடுத்தபோது அரட்டை அறையில் முந்நூறு செய்திகள் குவிந்து கிடந்தன. ஆட்டம் இல்லாத புதன்கிழமையில் இத்தனை செய்தி வந்திருக்கிறதென்றால் யாரோ செத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

யாரும் சாகவில்லை. ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் ஷார்ட்ஸ்டாப் யோர்மான் அசுவாஹேயைக் காலையில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மைதானத்துக்குப் போகிற வழியில் காரை மறித்து, கண்ணாடியை உடைத்து, வெளியே இழுத்துத் தார் ரோட்டில் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றியதை எதிர்க்கடையிலிருந்து எவனோ படம் பிடித்துப் போட்டிருந்தான். "என் கை, என் கை" என்று யோர்மான் ஸ்பானிய மொழியில் கத்துவது கேட்டது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே ஒரு பந்தையும் தப்பவிடாத கை அது. ஞாயிற்றுக்கிழமை லீக்கின் இறுதிச் சுற்று.

அந்த அறையைத் தொடங்கியவள் மார்லீன். அவர்கள் ஊரான லொரெய்னில் எஃகு ஆலை படுத்த பிறகு ஊர்க்காரர்கள் சேர்ந்து கத்துவதற்கு ஹெரான்ஸ் ஒன்றுதான் இருந்தது. ஆட்டம் நடக்கும்போது நூறு பேர் உள்ளே இருப்பார்கள். கெட்ட வார்த்தை எழுதினால் ஒரு நாள் தடை, வீட்டுப் பெண்களை இழுத்தால் ஒரு மாதம் தடை. அறுபது பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முப்பது வருஷம் வண்டி ஓட்டியவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை. தேர்தல் வந்ததிலிருந்துதான் சிக்கல். ஆளுநர் நாற்காலிக்கு யார் என்பதில் ஆரம்பித்து மட்டையாளன் ஏன் அவுட் ஆனான் என்பதுவரை எல்லாம் ஒரே சண்டையாகிவிட்டது.

அன்றைக்கு வேட் கோவாச் எழுதியிருந்தான். "பையன் ஆட்டம் எனக்கு உசுரு. ஆனா சட்டம்னா சட்டம்தான்யா. பேப்பர் இல்லன்னா போகத்தான் வேணும்."

வேட் குழாய் ஆலையில் வேலை போனவன். மனைவி கானி ரொட்டிக் கடையில் நிற்கிறாள். யோர்மானைப் பற்றி அந்த அறையில் அவனைவிட அதிகமாகப் பாராட்டி எழுதியவர் யாருமில்லை.

அதற்குக் கீழே எஃப்ராயின் கொலோன் விட்ட பதில்: "உசுராம்ல! உசுருன்னு சொல்லிக்கிட்டே போன் போட்டு காட்டிக் குடுத்தது யாருடா?"

எஃப்ராயின் மின்வேலைக்காரன். அவன் தாத்தா அமெரிக்கக் குடியுரிமையுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஆலைக்கென்று ஆள் சேர்த்துக் கொண்டுவரப்பட்டவர்.

"யாரைப் பார்த்துடா கேக்குற?" என்றான் வேட்.

"உன்னத்தான். போன வாரம் நீதான எழுதின, 'இவனுக்கெல்லாம் பேப்பர் இருக்கான்னு யாராச்சும் பாத்தீங்களா'ன்னு?"

"அது கிண்டலுக்கு எழுதினது."

"கிண்டலு இப்ப ஜெயில்ல கெடக்கு."

"உங்க ஆளுங்களையும் சேர்த்து ஏத்தி அனுப்பிருக்கணும்டா."

"எங்கடா அனுப்புவ? நான் பொறந்ததே அமெரிக்காக்காரனா. உங்க தாத்தா கப்பல்ல ஒளிஞ்சு வந்த கதைய உங்க அத்தையே சொல்லிருக்கா."

அதற்கப்புறம் வந்தது எல்லாம் மற்றவர்கள் எழுதியது. பெயர் தெரியாத ஆட்கள், ஊரிலேயே இல்லாத ஆட்கள். காட்டிக்கொடுத்தவன், ஒற்றன், தூக்கில் போடணும், பல்லை எண்ணிக் கையில் கொடுக்கணும். மார்லீன் ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்க அழிக்கப் புதிதாக முளைத்தன.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எவனோ வேட் வீட்டு விலாசத்தைப் போட்டுவிட்டான். வீட்டின் படம், வாசலில் நிற்கும் வண்டியின் படம். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் பார்த்தபோது அதை நூற்றுக்கணக்கானவர்கள் வேறு இடங்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அழித்தாள். வேட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வேட், ரெண்டு நாளைக்கு உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருங்க, கானியையும் கூட்டிக்கிட்டு."

"என் வீட்ட விட்டு நான் ஏன் போகணும்? நீ மொதல்ல அந்த எஃப்ராயின் நாயத் தூக்கு அறையிலருந்து."

"தூக்கியாச்சு. ரெண்டு பேரையும் தூக்கியாச்சு."

"என்னையுமா?" என்றான். "நான் போன் போடல, மார்லீன். சத்தியமா போடல." அவள் ஏதோ சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கானி அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது முன் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு வாணவெடி உள்ளே வந்து விழுந்தது. திருவிழாவில் வானத்துக்கு விடுகிற பெரிய ரகம். திரைச்சீலை பற்றியது, சோபா பற்றியது. அணைக்க ஓடிவந்தவளின் முகத்துக்கு நேரே அதன் இரண்டாவது குண்டு வெடித்தது. கழுத்திலும் இடது கையிலும் தோல் உரிந்து தொங்க, அவள் வாசல் புல்லில் வந்து விழுந்தாள். வேட் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து அவள் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சினான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது: அவள் போட்ட சத்தத்தைவிட அவன் போட்ட சத்தம்தான் கேட்கச் சகிக்கவில்லை.

வீசியது இரண்டு பேர் என்றார்கள். முகமூடி போட்டிருந்தார்கள் என்றார்கள். கடைசிவரைக்கும் யாரென்று தெரியவில்லை. ஆனால் வேட்டுக்கு அன்றைக்கே ஒரு பெயர் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்தும் இடத்தில் வழக்கம்போல அடுப்புகள் எரிந்தன. ஏரிக்காற்றில் சாசேஜ் வாசனை. எஃப்ராயின் தன் வண்டியின் பின்கதவை இறக்கிவைத்து அதில் உட்கார்ந்திருந்தான். முதுகில் யோர்மானின் எண் போட்ட சட்டை. மார்லீன் அவன் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கானி ஆஸ்பத்திரியில கெடக்கா. நீ ஒரு வார்த்தை எழுது. வேட் காட்டிக் குடுத்ததுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்லன்னு எழுது. உன்னத் திரும்ப அறைக்குள்ள சேத்துக்குறேன்."

"நான் வெடி வீசச் சொல்லலையே."

"சொல்லலப்பா. ஆனா நீ பேரச் சொன்ன."

"யோர்மானை ரோட்டுல போட்டு மிதிச்சாங்க, அதுக்கு அவன் ஒரு வார்த்தை எழுதினானா? எனக்கும் கானிய நெனச்சா வயிறு எரியுதுதான், மார்லீன். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாமலே போனது. வேட் கார்களுக்கு நடுவிலிருந்து வந்தான். ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்து வந்தான். கையில் அலுமினிய மட்டை. எஃப்ராயின் அவனைப் பார்த்து எழுந்திருக்கப் போனான். வேட் ஒன்றும் பேசாமல் சுழற்றினான்.

தடுக்கத் தூக்கிய முன்கையில் பட்டது. காய்ந்த கிளையை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற சத்தம். இரண்டாவது அடி தோளும் கழுத்தும் சேருமிடத்தில். எஃப்ராயின் அடுப்பைச் சாய்த்துக்கொண்டு விழுந்தான், நெருப்புத் துண்டுகள் அவன் சட்டைமேல் சிதறின. மூன்றாவது அடி விலாவில்.

"அவ கழுத்தப் போய்ப் பாருடா!" என்று வேட் அலறினான். "போய்ப் பாருடா அவ கழுத்த!"

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள், பாதிப் பேர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். மார்லீன் பின்னாலிருந்து வேட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையை வீசினான். அவள் மூக்கு உடைந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள், வாய் நிறைய ரத்தம். பக்கத்தில் அவளுடைய கார், கதவு திறந்தபடி. இருக்கைக்கு அடியில் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டை எப்போதும் இருக்கும். முழ நீளம், முனையில் ஈயம் பூட்டியது. அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று பிறகு எத்தனை தரம் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

வேட்டின் முழங்காலுக்குப் பின்னால் அடித்தாள். அவன் மண்டியிட்டான். மட்டை கையைவிட்டு நழுவிக் காரின் கீழே உருண்டுபோனது. அவன் திரும்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒன்றுமில்லாத கை.

"போதும்," என்றான். "மார்லீன், போதும்."

அவள் அடித்தாள். முகத்தில், முழுக்கையையும் வீசி. பிறகு இன்னொன்று. அந்த வாரம் முழுக்க அழித்த செய்திகள், விலாசத்தைப் பார்க்காமல் விட்ட அந்த மத்தியானம், மூக்கின் வலி, எல்லாம் அந்தக் கட்டையின் முனைக்கு வந்தன. இரண்டாவது அடி விழும்போது அவளுக்கு நன்றாக இருந்தது. அதை அவள் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாவதற்கு ஓங்கியபோது யாரோ அவள் மணிக்கட்டை முறுக்கிக் கட்டையைப் பிடுங்கினார்கள். வேட் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தைபோல் சுருண்டு கிடந்தான். விரல்களுக்கிடையே ரத்தத்தோடு வேறு ஏதோவும் வழிந்தது. மைதானத்துக்குள் தேசிய கீதம் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

எஃப்ராயினுக்குக் கையில் தகடு வைத்தார்கள், காறையெலும்பு ஒட்டியது. வேட்டுக்கு இடது கண் போய்விட்டது. ஹெரான்ஸ் அன்றைக்கு ஒன்பது ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. யோர்மானின் இடத்தில் நின்ற பையன் மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டான்.

மார்லீன் பிணையில் வெளியே வந்து அறையைத் திறந்து பார்த்தாள். அவளுக்குக் கோயில் கட்டாத குறை. கட்டையோடு அவள் நிற்கும் படத்தில் கிரீடம் வரைந்திருந்தார்கள். "பஸ்காரி வாழ்க." "அக்கா, இன்னொரு கண்ண ஏன் விட்டு வெச்சீங்க?" எதிர்ப்பக்கத்தில் அவள் விலாசம் சுற்ற ஆரம்பித்திருந்தது. எஃப்ராயினும் வேறு பெயரில் நுழைந்து எழுதியிருந்தான், ஒற்றைக் கையால்: "இவங்கதான் நம்ம ஊரு பொம்பள." அவள் எல்லாவற்றையும் கடைசிவரை படித்தாள். பிறகு அறையை மொத்தமாக அழித்தாள். பத்து வருஷத்து ஆட்டம், பேச்சு, சிரிப்பு எல்லாம் போயின.

எஃப்ராயின் அவளுக்கு போன் போட்டுக் கத்தினான். "எதுக்கு அழிச்சீங்க? அவனுங்க ஜெயிச்ச மாதிரி ஆயிருச்சே!"

"எவனுங்க?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்கு முன்னால் வைத்துவிட்டாள்.

யோர்மானை நாடு கடத்திய பிறகு அவனுடைய வக்கீல் செய்தித்தாளுக்குச் சொன்னார்: யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. அதற்காக நிறுத்தியவர்கள் பேரைக் கேட்டுப் பட்டியலில் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எஃப்ராயின் அதைப் படித்தானா என்று அவளுக்குத் தெரியாது. அவன் அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

கோர்ட்டில் மார்லீன் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். எதிராளி கை விரித்த பிறகு அடித்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது, ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்ய? வேட்டும் ஒப்புக்கொண்டான். கானியின் தீக்காயத்தையும் போன கண்ணையும் பார்த்து நீதிபதி அவனைக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டிச் சில மாதம் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். மார்லீனுக்கு ஆறு மாதம் சிறை. பேருந்து உரிமம் போனது. சிறையில் அவளை யாரும் தொடவில்லை. கதை முன்னாலேயே போயிருந்தது, அவளைக் கண்டதும் ஒதுங்கினார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒரு சிறு பெண் இடித்துக்கொண்டு முன்னால் போனபோது தன் கை தானாக இறுகுவதை மார்லீன் பார்த்தாள். கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். வெளியே வரும்வரை தினமும் அப்படித்தான் செய்தாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் மைதானத்துக்குப் போனாள். வலப்பக்கப் பார்வையாளர் மேடையில் ஆளில்லாத வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். மூன்றாவது இன்னிங்ஸில் யாரோ படியேறி வந்து இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்கள். பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது. திரும்பாமலே சொன்னாள்.

"வேட், நான் உங்க பக்கம் வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு இருக்கு."

"நீ வரல. நான் வந்தேன்."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தையல் தழும்பு ஓடியது. ஒரு கன்னம் மற்றதைவிட உள்ளே போயிருந்தது. அவள் செய்த வேலை. அவன் மடியில் கைகளை வைத்திருந்தான், அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கானி எப்படி இருக்கா?"

"கழுத்து திருப்ப வருது இப்ப. வீட்ட வித்துட்டுப் போயிரலாம்கிறா." கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தான். "நான் போன் போடலன்னு அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்."

"சொன்னீங்க."

"நீ நம்பினியா?"

மார்லீன் யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல."

வேட் மடியிலிருந்து கையை எடுத்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அடித்தால் அடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள். கீழே மட்டையில் பந்து பட்ட சத்தம், கூட்டம் எழுந்து கத்தியது. அவன் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் தேடினான்.

"எங்க போச்சு?"

"இடப்பக்கம். மூணாம் தளக் கோட்டை ஒட்டி. நமக்கு ரெண்டு ஓட்டம் வந்துருச்சு."

"கோட்டுக்கு உள்ளயா?"

"உள்ளதான்."

"நான் உன்ன மன்னிக்கல, மார்லீன்."

"தெரியும்."

"பந்து எங்க விழுந்துச்சுன்னுதான் கேட்டேன்."

"சரி," என்றாள் அவள். அடுத்த பந்து வலப்பக்கம் உயரப் போனது. அவன் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.