காவல் கொட்டகையில் அடை வைத்த முட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஞ்சாலை கோழிக்கூட்டுப் பக்கம் போனாள். கூட்டின் கதவு சாய்ந்து கிடந்தது. வாசலில் செவலை இறகுகள் சிதறியிருந்தன. மூசாங் என்கிற புனுகுப்பூனை வந்து அடைக்கோழியைக் கவ்விக்கொண்டு போயிருந்தது. மேற்கொண்டு எதையும் தொடாதபடி லயத்து நாய் குரைத்து விரட்டியிருக்க வேண்டும். காய்ந்த லாலாங் புல்லின் மேல் முட்டைகள் மட்டும் உடையாமல் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இன்னும் போகவில்லை.

அது சாதாரணக் கோழி இல்லை. வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலச் சட்டம் வந்த பிறகு, காட்டோரத்து லயத்து வீடுகளையெல்லாம் காலி செய்து, ரப்பர் தோட்டத்து ஆட்களை ஒவ்வொரு டிவிசனிலும் ஒரே இடத்தில் குடியேற்றிச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பஞ்சாலையின் சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று அவளுடைய கோழிகள் வெருண்டு காட்டுக்குள் ஓடிவிட்டன. இருட்டுவதற்குள் கிளம்பச் சொன்னதால் தேடவும் முடியவில்லை. கையில் அகப்பட்டது இந்தச் செவலை ஒன்றுதான். புது இடத்துக்கு வந்து வெகுநாள் அது முட்டையே இடவில்லை. பிறகு இட்டது, அடைக்கும் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் பஞ்சாலைக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

வேலிக்குள் வேறு அடைக்கோழி கிடையாது. தங்கை முத்தாயி தோட்டத்தின் இன்னொரு பகுதியான மூன்றாம் டிவிசனில், அங்கே போட்ட வேலிக்குள் இருந்தாள். அவள் கோழி ஒன்று அடையில் இருப்பது பஞ்சாலைக்குத் தெரியும். மூன்றாம் டிவிசன் தூரமில்லை. ஆனால் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். புருஷன் வீரமுத்துவின் பழைய கம்பளிச் சட்டையைக் கூடையில் விரித்து, முட்டைகளை அடுக்கி, சட்டைக் கையாலேயே மூடி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவள் வாசல் வரிசையில் போய் நின்றாள்.

லீவு நாள் ஆனதால் சிரம்பான் டவுனுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் நின்றார்கள். வாசலில் அன்று காவலுக்கு இருந்தவன் ஜமால் என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பாரோய்ப் பக்கம் மலாய்க் கிராமத்துக்காரன். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவான். பேசினாலும் வாசலில் அவன் பொல்லாதவன் என்று பெயர். தண்ணீர்ப் போத்தலை மோந்து பார்ப்பான். பால்மாவு டின்னைக் குச்சியால் கிளறுவான். அவனிடம் சிரித்துப் பேசியவர்கள் யாரும் இல்லை. அவனும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை.

கூடையைத் திறந்து பார்த்ததும், முட்டை தீனிச் சாமான், வெளியே போகக் கூடாது, தா போலே, முடியாது என்று சொல்லிவிட்டான். உயிரோடு ஆடோ கோழியோ கொண்டுபோனால் அவன் தடுப்பதில்லை. முட்டை, அரிசி, கருவாடு எல்லாம் தடை உத்தரவில் இருந்தன.

"இது முட்டை இல்லை. குஞ்சு," என்றாள் பஞ்சாலை.

"குஞ்சுன்னா நடக்கணும், கத்தணும். இது ரெண்டும் செய்யலையே அக்கா. உயிர் இருந்தா அசையும்."

வரிசையில் நின்றவர்கள் கோபப்பட்டிருக்கலாம், பஸ் போய்விடுமே என்று. ஆனால் அந்தப் பேச்சு அவர்களைப் பிடித்துக்கொண்டது. லாரி ஓட்டுகிற அர்ச்சுனன் முதலில் வாயைத் திறந்தான். அசைவதெல்லாம் உயிர் என்றால் தன் லாரிக்கும் உயிர் உண்டு. அது எண்ணெய் குடிக்கிறது, புகை விடுகிறது, மேட்டில் ஏறினால் முனகவும் செய்கிறது என்றான். பஞ்சாலை அவன் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் உன் லாரி மட்கார்டு நசுங்கிச்சே, அது தானா ஆறிடுச்சா? இல்ல, உன் லாரி என்னைக்காச்சும் குட்டி போட்டிருக்கா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அர்ச்சுனனும் சிரித்தான். பஞ்சாலை விடவில்லை. ரப்பர் பால் தருகிற கித்தா மரம் ஓரடி நடந்து யாராவது பார்த்ததுண்டா என்று ஜமாலிடம் கேட்டாள். தினமும் அதன் பட்டையைச் சீவுகிறவள் அவள். சீவின இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் பட்டை ஏறுவதைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறாள். நிற்கிற இடத்தில் நின்றே தண்ணீர் குடிக்கும், வெயிலைத் தேடிக் கிளையைத் திருப்பும், காய் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அதற்கு உயிர் இல்லை என்று சொல்லிப் பார் என்றாள். ஜமால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

டிரெசர் ராயப்பன் அப்போதுதான் கோயிலுக்குப் போக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். சங்கதியைக் கேட்டதும் கைவிளக்கு இருக்கிறதா என்று ஜமாலிடம் கேட்டு வாங்கினார். மணல் மூட்டை அடுக்கிய காவல் கொட்டகைக்குள் பகலிலும் இருட்டுத்தான். உள்ளே போய், விளக்கின் வாயில் ஒரு முட்டையை நிறுத்திப் பிடித்தார்.

முட்டை செவ்வரளிப் பூ மாதிரி சிவந்தது. உள்ளே நூல் நூலாக ரத்த நாளங்கள் ஓடின. நடுவில் கறுப்பாக ஒன்று சுருண்டு கிடந்தது. ஜமால் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு துள்ளு துள்ளியது. அவன் பின்வாங்கி மணல் மூட்டையில் இடித்துக்கொண்டான்.

ராயப்பன் நிதானமாகச் சொன்னார். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன, அது வழியாக மூச்சு விடுகிறது. மஞ்சள் கருதான் அதற்குச் சாப்பாடு. தின்கிறது, கழிக்கிறது, வளர்கிறது; சூடு கிடைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். கல்லுக்குச் சாவு கிடையாது, ஏனென்றால் கல்லுக்கு உயிர் கிடையாது. இதற்கு இரண்டும் உண்டு.

ஜமால் நம்பிவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் உத்தரவில் முட்டை என்றுதான் இருக்கிறது, விட்டால் மேலே பதில் சொல்ல முடியாது என்றான். முத்தாயியின் கோழியை உள்ளே கொண்டுவரலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். அடையில் இருப்பதை இடம் மாற்றினால் எழுந்துவிடும், அப்புறம் அதன் முட்டையும் போகும் என்று பஞ்சாலை மறுத்தாள். கூடைக்குள் கையை விட்டாள். சூடு குறைந்துகொண்டு வந்தது. அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே குரலை உயர்த்தினாள்.

"வெளியே விட மாட்டீங்கன்னா, நீங்களே அடை காத்துக் குடுங்க. குஞ்சானப்புறம் எடுத்துக்கிறேன்."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். ஜமால் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தான். அங்கே இரவும் பகலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். யாராவது ஒருவர் விழித்திருப்பார்கள். தோட்டத்திலேயே அப்படி ஒரு இடம் வேறு கிடையாது. கூடையைக் கொடுங்கள் என்று கையை நீட்டினான்.

ராயப்பன் அன்று கோயிலுக்குத் தாமதமாகத்தான் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய பிஸ்கட் டின்னும் பஞ்சும் சூடு பார்க்கிற கருவியும் கொண்டுவந்தார். விளக்குக்கு எவ்வளவு தள்ளி டின்னை வைப்பது, ஈரப்பதத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர் எங்கே வைப்பது என்றெல்லாம் சரிபார்த்தார். பஞ்சாலை ஒவ்வொரு முட்டையிலும் கரியால் ஒரு கோடு இழுத்து, தாய்க்கோழி அலகால் புரட்டுகிற மாதிரி புரட்டிவிடக் கற்றுக்கொடுத்தாள். ஜமால் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பழகினான்.

அதற்கப்புறம் வாசல் பழைய வாசலாக இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்குக் கொடுக்கப் போகும்போது பெண்கள், முட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ராத்திரி மழை பெய்து குளிர்ந்ததால் டின்னுக்குத் தன் போர்வையைச் சுற்றினதை ஜமால் ஒருநாள் சொன்னான். மற்ற காவல்காரர்கள் அவனைக் கோழியம்மா என்று கிண்டல் பண்ணினார்கள். பண்ணிக்கொண்டே அவர்களும் முறை வைத்துப் புரட்டினார்கள். சோதனை என்னவோ நடந்தது. தூக்குச்சட்டியைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் திறக்கும்போது, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. பஞ்சாலைக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தது எந்த நாளில் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் போலீஸ் ஆபீசர் ஒருவர், வெள்ளைக்காரர், முன்னறிவிப்பில்லாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். பஞ்சாலையும் மற்ற பெண்களும் பால் வாளிகளோடு வேலை முடிந்து திரும்பி வாசலில் நின்ற நேரம். அவர் கொட்டகைக்குள் குனிந்து போர்வை சுற்றிய டின்னைப் பார்த்தார், இது என்ன என்று கேட்டார். ஜமால் விறைப்பாக நின்று சலாம் வைத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னான். சந்தேகத்தின் பேரில் பிடித்து வைத்திருக்கிறோம், உயிரா உணவா என்று விசாரணை நடக்கிறது என்று சொன்னதாக, பக்கத்தில் நின்ற ராயப்பன் பிற்பாடு எல்லாருக்கும் விளக்கினார். ஆபீசர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போர்வையை விலக்கினார்.

அந்த நேரம் டின்னுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லியதாக, தூரத்தில் யாரோ சீழ்க்கை அடிக்கிற மாதிரி. எந்த ஓடும் உடைந்திருக்கவில்லை, உள்ளிருந்தே குஞ்சு கத்துகிறது. இன்னொரு முட்டை அதற்குப் பதில் கொடுத்தது. ஆபீசர் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாளிகளைத் தலையிலும் இடுப்பிலும் வைத்தபடி பெண்கள் அசையாமல் நின்றார்கள். அவர் முட்டையைப் பழையபடி வைத்து, போர்வையை ஒழுங்காகச் சுற்றி, விசாரணையைத் தொடரச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனார் என்று ஜமால் சத்தியம் பண்ணினான்.

மறுநாள் காலையில் ஓடுகள் வெடிக்க ஆரம்பித்தன. அன்று மழை; மரங்கள் நனைந்துவிட்டதால் பால் வெட்டு இல்லை. பாதி லயம் கொட்டகை வாசலில் கூடிவிட்டது. முதல் குஞ்சு ஓட்டை உதைத்துத் தள்ளி வெளியே வந்து, நனைந்த துணித்துண்டு மாதிரி விழுந்து, அப்படியே கிடந்தது. ஜமாலின் முகம் வெளுத்தது.

"அக்கா, அசையல."

"பொறுங்க தம்பி. வயித்தப் பாருங்க."

அவன் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். மெல்லிய தோலுக்கு அடியில் வயிறு ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குஞ்சு தலையைத் தூக்கி, சரிந்து, மறுபடி தூக்கி, விளக்கின் சூட்டை நோக்கித் தத்தித் தவழ்ந்தது. ஜமால் தன் மொழியில் என்னவோ முணுமுணுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த பஞ்சாலை அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். அவள் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் பொரிந்துவிட்டன. மிச்சம் கிடந்ததை ராயப்பன் விளக்கில் பிடித்துப் பார்த்தார். சிவப்பும் இல்லை, நூலும் இல்லை. எல்லாவற்றையும் போலத்தான் இதையும் புரட்டினேன், வேறு ஒன்றும் குறை வைக்கவில்லை என்று ஜமால் மெதுவாகச் சொன்னான். அது அவன் குற்றமில்லை, இதற்குள் ஆரம்பத்திலேயே உயிர் பிடிக்கவில்லை என்று டிரெசர் சொன்னார். ஜமால் அதைக் கையில் வைத்து, பொரிந்த குஞ்சு ஒன்றை மறு கையில் எடுத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு முட்டையை வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தான்.

முத்தாயியின் கோழியும் அந்த வாரத்தில்தான் பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு ஒரு தாய் வேண்டும் என்று பஞ்சாலை கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தாள். ஜமால் மூடியைத் திறந்தான். கீச்சென்று ஒரே சத்தம். முறைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தான். அலகைத் தொட்டான், காலைத் தொட்டான், முதுகைத் தடவினான். சோதனை நீண்டுகொண்டே போனது. பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணு உங்களுக்கு வச்சிக்குங்க தம்பி," என்றாள் பஞ்சாலை.

அவன் மறுப்பான் என்று நினைத்தாள். அவன் மறுக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் சரி என்று சொல்லிவிட்டு, முதலில் பிறந்ததையே எடுத்துக்கொண்டான். கொஞ்சம் இறகு வந்ததும் பாரோயில் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொன்னான். அதைச் சட்டைப் பைக்குள் விட்டு, பொத்தானைப் போடாமல், வாசலின் குறுக்குத் தடியைத் தூக்கினான். பஞ்சாலை கூடையோடு வெளியே நடந்தாள். ரோட்டில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் டிவிசன் வரைக்கும் அவள் குஞ்சுகளோடு பேசிக்கொண்டே போனதாக, எதிரே லாரியில் வந்த அர்ச்சுனன் எல்லாரிடமும் சொன்னான்.

முத்தாயியின் கோழி புதுக் குஞ்சுகளைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒன்றின் முதுகில் லேசாகக் கொத்தியது. பிறகு கொக்கரித்துவிட்டு இறக்கையைத் தளர்த்தியது. குஞ்சுகள் எல்லாம் அதன் அடியில் நுழைந்துகொண்டன.