பக்கத்துப் பெட்டிக் குழந்தை

இன்குபேட்டர் பெட்டிக்கு மேலிருந்த கருவி கூவியதும் சிஸ்டர் புஷ்பா ஓடிவந்து, கையை உள்ளே விட்டுக் குழந்தையின் பாதத்தைச் சுண்டினாள். மூச்சு நின்று நீலம் பாரித்திருந்த உடம்பு ஒரு தரம் துள்ளியது. தாழ்ந்துபோன இதயத் துடிப்பு மெல்ல ஏறியது. அதன் பிறகுதான் கண்ணாடிக்கு வெளியே நின்ற லோகநாயகிக்குத் தன் மூச்சே வந்தது.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. கணவன் கலியமூர்த்தி ஆவடியில் ஷிப்ட் முடிந்து ரயிலேறி வருவான். கண்ணாடி வழியாகப் பார்ப்பான். அடுத்த ரயிலுக்குத் திரும்புவான். அவளுடைய அம்மா கோவில்பட்டியில் படுத்த படுக்கை. குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருமுறை வந்தார்கள். உள்ளே விடமாட்டார்கள் என்றதும் ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு குழந்தையின் வயிறு உப்பியது. மலத்தில் ரத்தம். குடல் புண்ணாகியிருக்கிறது என்று சொல்லி டாக்டர் பாலை நிறுத்திவிட்டார்.

"ஆனா நீ பீச்சிக்கிட்டே இருக்கணும்மா. இல்லன்னா வத்திடும்," என்றாள் புஷ்பா.

லோகநாயகி பீச்சிப் பீச்சிக் கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

பக்கத்துப் பெட்டிக் குழந்தை நசரத்பேட்டை அங்கம்மாவுடையது. அதுவும் குறைமாதம்தான். அவளுக்குப் பால் ஊறவே இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டாள்: "கொட்றத எம் புள்ளைக்குக் குடேன்க்கா."

அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டியதெல்லாம் லோகநாயகியின் பால். அது தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. லோகநாயகியின் பிள்ளைக்கோ வயிற்றுத் தோல் மினுமினுத்து, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது.

ஒரு காலையில் அங்கம்மா டம்ளரோடு வந்தபோது, "இன்னைக்கு வரல," என்றாள் லோகநாயகி. அங்கம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், வெறும் டம்ளரோடு திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் அந்தக் குழந்தை பசித்து அழுதது. பூனைக்குட்டியின் குரல். லோகநாயகிக்கு மார்பு கடுத்து, தானாகவே கசிந்து ரவிக்கை நனைந்தது. அழக்கூடத் தோன்றவில்லை. எழுந்துபோய் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

அங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, லோகநாயகியின் பிள்ளைக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்திருப்பதாகவும் இன்னும் பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"உம் பாலு ஓடுற ஒடம்புதான்க்கா இது. ஒருக்கா தூக்கு," என்று அங்கம்மா தன் குழந்தையை நீட்டினாள்.

"வேண்டாம்மா. எம் பிள்ளயவே நான் இன்னும் தூக்கல."

அங்கம்மா கேட்கவில்லை. துணியோடு அவள் கையில் வைத்துவிட்டாள். இவ்வளவு சூடாக இருக்குமென்று லோகநாயகி நினைத்திருக்கவில்லை. கண்ணைத் திறக்காமலேயே அது முகத்தைத் திருப்பி, மூக்கால் உரசி, அவள் மார்பைத் தேடத் தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பால் அவள் பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துப் படுத்திருந்தது.